காலதரும் கச்சானும்

கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு வழியாதலின் சாளரத்தைக் காலதர் என்றனர் முன்னோர். இச்சொல்லைக் கீழைத்தேயக் கல்லூரி மாணவர்க்கு ஆண்டுதோறும் பிரித்துப் பொருள் கூறி வருபவன் நான். ஆயினும் அதன் முழுப்பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. சாகாமத்து வயல் வாடியொன்றில். அதுவும் என் மகளுக்கென்று நான் கட்டிய வீடு அடுப்பாக மாறிய பின்னரே.

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீளும் எங்கள் கரையோர ஊர்களின் வழக்கத்தை அறியாதாருக்கு ஒரு சொல். இங்கே பெண்ணுக்கு மணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். அவ்வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெற்றோர் கடன். நானும் 2020 ஆம் ஆண்டில் என் சேமிப்பையெல்லாம் திரட்டி ஆயிரம் சதுர அடியில் ஒரு கல்வீடு எழுப்பினேன். மேலே கொங்கிறீற்றுத் தட்டு. அதன்மேல் இளைய மகளுக்குப் பின்னாளில் மாடி கட்டலாம் என்னும் எண்ணத்தால் உள்ளே படிக்கட்டும், அதன் தலைப்பில் ஒரு கூண்டும். “ஓட்டுக்கூரை போட்டால் குளிர்ச்சியாக இருக்குமே” என்று மனைவி சொன்னாள். ஊரார் என்ன சொல்வரோ என்று நான் அஞ்சினேன். பிழை என்னுடையது.

2022 மார்ச் இறுதியில் நாடு இருண்டது. ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. மகளுக்கு அப்போது எட்டு வாரக் குழந்தை. ஒருநாள் நள்ளிரவில் குழந்தையைத் தோளிலிட்டுக்கொண்டு எங்கள் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றாள். “வாப்பா, புள்ள ராவெல்லாம் உறங்குதில்ல. செவரத் தொட்டா சுடுது” என்றாள். விறாந்தையில் பாய் விரித்தோம், குழந்தை உறங்கிற்று. எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. வாழ்நாள் உழைப்பைக் கொட்டிக் கட்டிய வீட்டை மகள் விட்டு வந்துவிட்டாளே!

மின்சாரம் மீண்ட பின்பும் துன்பம் தீரவில்லை. கூரையில் தொங்கும் விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. இருக்கும் காற்றையே கலக்கி நம் மேனியின் வியர்வையை உலர்த்துகிறது. அறையிற் சூடான காற்று நிறைந்திருந்தால் அச்சூட்டையே அது நமக்குப் பரிமாறும். மருமகன் இரு அறைகளுக்கும் குளிரூட்டி பூட்டலாம் என்றார். அந்த ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டதேனும், அன்று ஓர் ஆசிரியரின் குடும்பம் அச்சுமையை எங்ஙனம் தாங்கும்?

இந்நிலையில் கச்சான் பிறந்தது. கச்சான் என்றவுடன் கொறிக்கும் கடலையை நினைத்தல் வேண்டா. நான் சொல்வது காற்றை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்பர் நூலோர். அக்கோடைக்காற்றே எங்கள் கரையிற் கச்சான் எனப் பெயர் பெறும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய்க் கிழக்கே இறங்கும். இறங்க இறங்கச் சூடேறும். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பகற்பொழுதை வாட்டுவது இதுவே.

அந்தக் கச்சான் நாளொன்றின் நண்பகலில், வயல் பார்க்கச் சாகாமம் சென்றேன். குளத்து நீர் பாயும் கண்டத்தின் ஓரத்திலே முல்லைக்காரரின் வாடி. கம்பும் கிடுகும் கொண்டு கட்டிய சிறு குடில். உள்ளே நுழைந்தேன், வியர்வை அடங்கிற்று. விசிறியில்லை, மின்சாரமில்லை. வியப்போடு அண்ணாந்து பார்த்தேன். முகட்டின் இரு முனைகளும் திறந்திருந்தன.

“மேலே ஏன் மூடாமல் விட்டிருக்கிறீர்கள்?” என்றேன்.

“சேர், சூடு மேல போற சாமான். மேல மூடினா அது எங்க போகும்? நம்மளோடதான் குந்தியிருக்கும்” என்றார் அம்முதியவர்.

காலதர் என்பதற்கு நான் இத்தனை ஆண்டும் சொல்லிவந்த பொருள் காற்று வரும் வழி என்பது. வழியென்பது வருவதற்கு மட்டுமா? போவதற்கும் அன்றோ? போக இடமில்லாத வீட்டுக்குள் காற்று எவ்வாறு வரும்? என் மகளின் வீட்டிற் பன்னிரண்டு சாளரங்கள் உண்டு. உச்சியில் ஒரு துளையும் இல்லை; படிக்கூண்டைக்கூட மழைக்கு அஞ்சித் தகரத்தால் அடைத்திருந்தேன். பகலெல்லாம் வெயிலை உண்ட கொங்கிறீற்று, இரவெல்லாம் அதனை உள்ளே உமிழ்ந்தது. வெளியே இரவு குளிர்ந்தாலும் வீடு குளிரவில்லை.

இவ்வுண்மையைப் பிற நாட்டாரும் நன்கறிந்திருந்தனர். பாரசீகத்து யஸ்த் நகரின் வீடுகளிற் காற்றை வாங்கவும் விடவும் உயர்ந்த கோபுரங்கள் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் குளிரூட்டி பரவுமுன், வீட்டின் உட்கூரையிலே பெரிய விசிறியொன்றைப் பதித்தனர். மாலை மயங்கி வெளிக்காற்றுக் குளிர்ந்ததும் சாளரங்களைத் திறந்து அவ்விசிறியை இயக்குவர். அது வீடு முழுவதிலுமுள்ள சூடான காற்றை உறிஞ்சி மேலே தள்ளும். அவ்விடத்தை நிரப்பக் குளிர்காற்று எல்லா அறைகளினூடும் ஓடிவரும். சுவரும் தரையும் இரவிலே குளிர்ந்து, மறுநாள் நண்பகல் வரை அக்குளிர்ச்சியைக் காக்கும். நம் நாட்டிலும் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1962 இல் கொழும்பில் நிறைவுற்ற ஏனா டி சில்வாவின் இல்லத்தை நடுமுற்றத்தைச் சூழ அமைத்தார். முற்றமென்பதும் வானை நோக்கிய பெருங்காலதரே.

தமிழ் நூல்கள் இதனை அறியாதனவா? புகார் நகரத்து மாளிகைகளைக் கூறும் சிலப்பதிகாரம், மானின் கண்போன்ற துளைகளையுடைய காலதர்களைக் குறிக்கின்றது. நெடுநல்வாடை இன்னும் நுட்பமானது. வேனிலிலே தென்றலைக் கொணரும் சாளரக் கதவுகள், கூதிர்க்காலத்திலே தாழிட்டு அடைத்துக் கிடப்பதை நக்கீரர் அதிற் காட்டுகின்றார். திறத்தற்கு ஒரு காலம், அடைத்தற்கு ஒரு காலம் என்பதே அங்கு நாம் காணும் பாடம்.

அப்பாடத்தை மகளின் வீட்டிலே செயற்படுத்தினோம். படிக்கூண்டின் தகரத்தை நீக்கி, மழை புகாத சாய்ந்த பலகைகள் அமைத்தோம். அதன் கிழக்குச் சுவரிலே, காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறியொன்றைப் பொருத்தினோம். கிழக்கு ஏனெனில், கச்சானும் இரவின் தரைக்காற்றும் மேற்கிலிருந்து வருவன. அவற்றை எதிர்த்து விசிறி உழைத்தல் கூடாது. கணக்கு எளிது. ஆயிரம் சதுர அடித் தரை, பத்தடி உயரம். எனவே உள்ளிருக்கும் காற்று 10,000 கன அடி. மணிக்குப் பதினைந்து முறையேனும் அது மாறவேண்டுமெனின், நிமிடத்துக்கு 2,500 கன அடி வெளியேற வேண்டும். இதற்கு 200 வாற்று அளவான விசிறி போதும். ஒரு தொன் குளிரூட்டி ஒன்றுக்கே ஏறத்தாழ 1,000 வாற்று வேண்டும்; எமக்கு இரண்டு தேவைப்பட்டிருக்கும்.

பயன்படுத்தும் முறையே உயிர். முற்பகலில் வெயில் ஏறியதும் மேற்குச் சாளரங்களை அடைத்துத் திரையிடுவோம். எங்கள் கரையிற் பகல் வெப்பம் 33, 34 பாகைக்கு ஏறினும், இரவில் 25, 26 பாகைக்கு இறங்கும். அந்த எட்டுப் பாகையே எங்கள் செல்வம். வெளிக்காற்று உட்காற்றிலும் குளிர்ந்த பின்னரே சாளரங்களைத் திறந்து விசிறியை இயக்குவோம். சாளரத்தைத் திறவாது இயக்கினால், அது காற்றைப் பெற வழியின்றி அடுப்புப் புகையை அறைக்குள் இழுக்கும். ஆதலின் முதலிற் சாளரம், பின்னர் விசிறி. நுளம்புக்கு வலை வேண்டும். வலை காற்றின் ஒரு பங்கைத் தடுக்குமாதலால் இன்னுமொரு சாளரத்தைத் திறக்க வேண்டும். கள்வருக்கு அஞ்சுவோர் கம்பிகளை உறுதியாக இடுக. வெளியிலும் புழுக்கம் நிறைந்த இரவில் இவ்விசிறி அற்புதம் எதுவும் செய்யாது. வெளிக்காற்றிலும் மிகுந்த குளிர்ச்சியை அது தரமாட்டாது. எனினும் மின்சாரம் நின்ற பொழுதும் மேல்வாயில் திறந்தே இருக்கும். சூடு தானாகவே அவ்வழி ஏறும். 2022 இன் இரவுகளை நினைக்கையில் இஃது ஒன்றே எனக்குப் பேராறுதல்.

விசிறி பூட்டிய மூன்றாம் நாள் மாலை, மகள் குழந்தையோடு தன் வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து அவ்வழியே வந்தேன். வாசலில் நின்றவாறே, “வாப்பா, சத்தம் போடாதீங்க. புள்ள இன்னும் எழும்பல்ல” என்றாள். இத்துணை இனிய கண்டிப்பை நான் கேட்டதில்லை.

சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் சுவரோடு சுவராய் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒருவர் சாளரம் மற்றொருவர் மதிலைப் பார்க்கிறது. பக்கத்தே வழியில்லாத இடத்தில் மேலே வழி விடுதல் இன்னும் இன்றியமையாதது. ஆதலின் மகளுக்கு வீடு கட்டும் பெற்றோரை வேண்டிக்கொள்கின்றேன்: மாபிளும் வண்ணமும் பின்னர் ஆகட்டும். காற்று வரும் வழியோடு போகும் வழியையும் சேர்த்தே சீதனம் கொடுங்கள்.