உங்களுக்குத் தெரியுமா? வீட்டை முதுகில் ஏற்றும் பிக்கப்

● பிக்கப் டிரக்கின் பின்னால் ‘கேம்பர்’ என்ற ஒரு குட்டி வீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது அமெரிக்கர்களின் பழைய ஆசை. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் சார்லி என்ற பூடில் நாயோடு அப்படித்தான் கிளம்பினார். வண்டிக்கு அவர் வைத்தது டான் குயிக்ஸாட்டுடைய குதிரையின் பெயர், ரோசினான்ட்டே. கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் உள்ள ஸ்டைன்பெக் மையத்தில் அந்த வண்டி இன்றும் நிற்கிறது. ஓர் ஆளும் ஒரு நாயும் போகிற பயணத்துக்கே அவர் வாங்கியது ‘முக்கால் டன்’ டிரக் என்பதைக் கவனியுங்கள்.

● அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று அங்கே டிரக்குகளைப் பிரிப்பார்கள். ஃபோர்டில் எஃப்-150, 250, 350 என்பது இந்த வரிசைதான். ஒரு காலத்தில் அது சுமக்கும் எடையைச் சொன்னது. இப்போது வெறும் பட்டப்பெயர்.

● 2021ஆம் ஆண்டின் எஃப்-150 டிரக்கை, அதிகச் சுமைக்கான பாகங்களோடு வாங்கினால் 3,325 பவுண்டு வரை, அதாவது சுமார் 1,500 கிலோ ஏற்றலாம். அதே குடும்பத்தில் பிறந்த ராப்டர் 1,400 பவுண்டோடு நின்றுவிடும். இவற்றுக்குப் பக்கத்தில் பொம்மை போலத் தெரியும் ஃபோர்டு மேவரிக்குக்கோ 1,500 பவுண்டு! ராப்டர் பாலைவன மணலில் பாய்ந்து ஓடுவதற்காகச் செய்த வண்டி. அதற்காக ஸ்பிரிங்கை இளக்கி வைத்திருக்கிறார்கள். பார்வைக்குப் பயில்வான், சுமக்கச் சொன்னால் சுமார்தான்.

● அப்படியானால் உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும்? விளம்பரத் தாளில் தேட வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின், கூரைக் கண்ணாடி என்று சேர்க்கச் சேர்க்க அது இறங்கிக்கொண்டே போகும். விற்பனையாளர் பெருமையாகச் சொல்வது இழுக்கும் திறனை. கேம்பரை யாரும் இழுப்பதில்லை, சுமக்கிறோம். இழுக்கும் எண் எத்தனை பெரிதாக இருந்தாலும் இங்கே உதவாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் 1,700 பவுண்டு. ‘லேசான’ கேம்பர் 1,200. கணவன் மனைவி இருவரும் 320. இருபது கேலன் தண்ணீர் 167. நிரம்பிய சின்ன கேஸ் சிலிண்டர் 37. துணிமணி, சாப்பாடு, நாற்காலி எல்லாம் 150. கூட்டினால் 1,874. வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே வரம்பைத் தாண்டியாயிற்று.

● கேம்பர் நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் ‘உலர் எடை’. தண்ணீர் கிடையாது, கேஸ் கிடையாது. பல நேரங்களில் பேட்டரியும், ஆசைப்பட்டுச் சேர்த்த ஏசியும்கூட அதில் சேராது. அரை டன் டிரக்குக்கென்றே வடிவமைத்த லான்ஸ் 650 கேம்பரின் உலர் எடையே சுமார் 1,700 பவுண்டு. அரை டன்னிலும் எல்லா வண்டியும் அதற்கு ஆகாது என்பது இதிலேயே தெரியும்.

● எடை குறைக்க எளிய வழி பேட்டரி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். லித்தியம் என்றால் அதில் பாதிகூட வராது.

● வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் தயாராகும் ஸ்கவுட் கேம்பர்களில் நிலையான தண்ணீர்த் தொட்டியே வைக்கவில்லை. வடிகட்டியோடு கூடிய ஒரு கேன், அவ்வளவுதான். வார இறுதிக்கு மட்டும் போகிறவருக்கு அது போதும் என்பது என் கட்சி. குளியலறை வேண்டுமென்று கேட்கத் தொடங்கினால் கேம்பர் பெரிதாகும். கேம்பர் பெரிதானால் டிரக்கை மாற்ற வேண்டும். டிரக்கை மாற்றினால் தினசரி அலுவலகம் போக அது தோதுப்படாது. அதனால் முதலில் கேம்பரை முடிவு செய்துவிட்டு டிரக் தேடுவதே புத்திசாலித்தனம். ஊரில் பலர் செய்வது தலைகீழ்.

● மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரக்கிலும் அதேதான்: கேம்பரின் எடை மையம் பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன் சக்கரத்தின் பிடி தளரும், ஸ்டியரிங் மிதக்கும். டிரக்கில் அந்த மையம் எங்கே அமையலாம் என்பதை வாங்குபவருக்குத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதியே இருக்கிறது.

● பின்பக்கம் அமுங்குகிறதா? ஸ்பிரிங்கோடு ஒரு காற்றுப் பை பொருத்தினால் வண்டி நிமிர்ந்துவிடும். ஆனால் ஸ்டிக்கரின் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. ஆக்சிலும் பிரேக்கும் டயரும் பழையவைதானே.

● ஆக்சிலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே இருக்கிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து டொயோட்டாவின் சிறிய பிக்கப் சேஸ் மேல் பல நிறுவனங்கள் குட்டி வீடுகளைக் கட்டின. ஆரம்பத்தில் வந்த பலவற்றில் இருந்தது அரை டன் ஆக்சில். பின்னால் இரட்டைச் சக்கரம் தெரியும். ஆக்சில் மட்டும் பழையதே. சில ஓடும்போதே முறிந்தன. பிறகு அந்த ஆக்சில்களுக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 1980களின் நடுவிலிருந்து ஒரு டன் ஆக்சில் வந்தது. இன்றும் பழைய டொயோட்டா வீட்டுவண்டி வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பின் சக்கரத்தின் நட்டுகளை எண்ணுவார். ஐந்து என்றால் யோசனை, ஆறு என்றால் பேரம்.

● கூரையைத் தூக்கி நிறுத்தும் ‘பாப்-அப்’ வகை லேசானது, ஓடும்போது காற்றும் அதிகம் தடுக்காது. நான்கு பக்கமும் துணி. குளிரில் கொஞ்சம் சிரமம். கரடியும் கணக்கில் வரும்: யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டியான சுவர் கொண்ட வண்டிகளுக்கே அனுமதி.

● டிரக்கோடு ஒட்டியே போவதால் கேம்பர் நீளத்தை அதிகம் கூட்டாது. நீளத்தைப் பார்த்துக் கட்டணம் போடும் அலாஸ்கா, வாஷிங்டன் படகுச் சேவைகளில் இது காசு மிச்சம். பல மாநிலங்களில் கேம்பர் ஒரு வாகனமே அல்ல, வெறும் சரக்கு. தனி நம்பர் பிளேட் தேவையில்லை.

● நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் எடை மேடை உண்டு. சிறு கட்டணத்துக்கு முன் ஆக்சில், பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். தண்ணீர் நிரப்பி, துணி அடுக்கி, ஆட்களும் உட்கார்ந்த நிலையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். பின் ஆக்சில் வரம்பைத் தாண்டினால் முதலில் தண்ணீரைத் திறந்துவிடலாம், முகாமில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் அடங்கவில்லையா? இரும்புத் தோசைக்கல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.