கொடிமலைக்குக் கூட்டாக நடப்போர் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகள் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கொடிமலை ஏறக் கிளம்புவது பினாங்கில் பழகிப்போன ஒன்று. இப்போது குடும்பமாக நடப்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஜார்ஜ் டவுனிலிருந்து பார்த்தால் கண்ணெதிரே நிற்கிற மலை, ரயிலில் போனால் சில நிமிடங்களில் உச்சி என்பதால் ‘பக்கத்து மலைதானே’ என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அதன் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 833 மீட்டர். நாம் நடக்கத் தொடங்கும் தாவரவியல் பூங்கா வட்டாரமோ ஏறக்குறைய அடிவாரத்திலேயே இருக்கிறது. அவ்வளவு உயரத்தையும் கால்தான் ஏற வேண்டும்.

பூங்காவை ஒட்டித் தொடங்கும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர் தார்ச்சாலை. வழி தவறுவது அரிது. ஆனால் செங்குத்து அதிகம், வண்டிகளும் வரும். நிலவு வாசல் வழியாகப் போவது காட்டுப் பாதை. நிழலும் வேர்களும் கற்களும் நிறைந்தது; மழை பெய்தால் வழுக்கும். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு ஜீப் பாதையே மேல்.

கூட்டமாகப் போனால் ஆபத்தில்லை என்று பெற்றோர் நினைக்கிறோம். கூட்டம் ஒன்றாக இருக்கும்வரை அது உண்மை. பெரும்பாலான குழுக்கள் அரை மணி நேரத்தில் பிரிந்துவிடுகின்றன. யாரும் வேண்டுமென்று பிரிவதில்லை. பத்துப் பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக நடக்கும் நால்வர் முதல் ஓய்விடத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கடைசி இருவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், “எல்லாரும் வந்தாச்சு, கிளம்புவோம்” என்கிறார்கள். அதாவது ஓய்வு தேவைப்படாதவருக்குப் பதினைந்து நிமிட ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த இடத்துக்குள் இடைவெளி இன்னும் கூடும். மூன்றாவது இடத்தை நெருங்கும்போது கடைசி ஆள் தனியாக நடந்துகொண்டிருப்பார். அவருக்குத் தலை சுற்றினாலும் சொல்ல மாட்டார். மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற வெட்கம்.

இதைத் தடுப்பது எளிது. மிக மெதுவாக நடப்பவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். முன்னால் போகிறவர் அவர் வேகத்துக்கு நடக்கட்டும். நன்றாக நடக்கத் தெரிந்த ஒருவர் கைவிளக்கும் முதலுதவிப் பையும் எடுத்துக்கொண்டு கடைசியில் வரட்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு கணக்கிடுங்கள். பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நில்லுங்கள்.

பயணத்தில் மூன்று பேர் இருந்தாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும் வழிகாட்டுதல் நமக்குப் புதிதல்ல. மலையில் அமீராக இருப்பவர் அதிவேகமாக ஏறுபவராக இருக்க வேண்டியதில்லை. ‘போதும், திரும்புவோம்’ என்று சொல்லும் தைரியம் உள்ளவராக இருந்தால் போதும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அதை முடிவு செய்ய யாருக்கும் மனம் வராது.

பினாங்கில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 7 மணிக்கும் 7.45க்கும் இடையில். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தி வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே இருட்டிவிடும். மஃரிபுக்குள் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டால் கடைசிப் பகுதியை இருட்டில் நடப்பீர்கள். அஸருக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள். காலையில் ஏறுவது இன்னும் நல்லது. ஏனெனில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகின்றன, ஆண்டின் கடைசி மாதங்களில் கூடுதலாக. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல்மழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்தது, ரயில் சேவையும் நின்றது. கனமழைக்கு மறுநாள் வெயில் அடித்தாலும் மண் ஈரமாகவே இருக்கும். பாதை திறந்திருக்கிறதா என்று கேட்காமல் போகாதீர்கள்.

நம் குடும்பங்களில் நீரிழிவு உள்ளவர்கள் நிறையப் பேர். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நெடுநேரம் ஏறும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவைதான் அடையாளம். மலையேற்றத்தில் எல்லோருக்கும் வியர்ப்பதால் இது களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். உடனே உட்கார வைத்து, ஒரு சிறு பொட்டலம் பழச்சாறோ குளுக்கோஸோ கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999க்கு அழையுங்கள். நடப்பதற்கு முன் மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிப்பட்டவர் தம் நிலையைக் குழுவில் ஒருவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை உலராமல் வழிகிறது, அதனால் உடல் குளிர்வதில்லை. தண்ணீரோடு உப்புச் சேர்ந்த ஏதாவதும் வேண்டும். ஒருவர் தள்ளாடினால், வாந்தி எடுத்தால், அந்த நடை அதோடு முடிந்தது.

இறங்குவதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. உடல் எடையைத் தாங்கிப் பிடித்தபடி இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே வேலை செய்கின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பது அதனால்தான். களைத்த காலோடு செங்குத்தான தார்ச்சாலையில் இறங்கும்போது சறுக்கி விழுவதும் எளிது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் நடந்து ஏறி ரயிலில் இறங்கட்டும். விடுமுறை நாள் மாலையில் ரயிலுக்கு வரிசை நீளும், அன்றைய கடைசி ரயில் எப்போது என்று ஏறும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உச்சியில் பள்ளிவாசல் இருக்கிறது. லுஹரை அங்கேயே தொழுதுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

புறப்படும் முன், எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் சேதி இல்லையென்றால் யாரை அழைப்பது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.