பேய்க் காரும் மண்ணெண்ணெய்க் காரும்

எண்பத்தையாயிரம் டொலர் கொடுத்து வாங்கும் காரில் ஒரே ஓர் ஆசனம்தான் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

2018ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவின் டொட்ஜ் கம்பனி விற்ற ‘சலேஞ்சர் டீமன்’ அப்படித்தான் வந்தது. டீமன் என்றால் பேய். நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற ‘டிராக்’ பந்தயத்துக்காகவே செய்த கார். பாரம் குறையட்டும் என்று மற்ற ஆசனங்களை எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் முன் ஆசனத்துக்கு ஒரு டொலர், பின் ஆசனத்துக்கு ஒரு டொலர் கொடுத்துப் பூட்டிக்கொள்ளலாம்! வலு 840 குதிரை. நெடுந்தீவில் கட்டாக்காலியாக மேய்கிறதே, அந்தக் குதிரைக் கணக்குத்தான். ஆனால் முழு வலுவும் வர வேண்டுமென்றால் சாதாரண பெற்றோல் போதாது. பந்தயத்துக்கான 100 ஒக்டேன் பெற்றோல் ஊற்ற வேண்டும்.

இனி நம் பக்கத்துக் காரைப் பாருங்கள். பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்கும், நயினாதீவுப் படகேறக் குறிகட்டுவானுக்கும் ஆட்களை ஏற்றிப்போன பழைய ஒஸ்ரின் ஏ40. 1200 சிசி எஞ்சின், நாற்பது சொச்சம் குதிரை வலு. அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று உங்கள் உம்மாவைக் கேளுங்கள்!

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. தீவகம் இராணுவத்தின் வசமாகி, மிகப் பலர் இடம்பெயர்ந்தார்கள். புதிய ஜப்பான் கார்கள் முற்றத்தில் படுத்துவிட, ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சிறு போத்தலில் பொன்போல் காத்த பெற்றோலில் சில சொட்டுக்களைக் காபுரேற்றரில் விட்டு உயிர்ப்பிப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய். புதிய எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் இறுக அழுத்துவதால் மண்ணெண்ணெய்க்கு ‘டொக் டொக்’ என்று இடிக்கும். பழையது அவ்வளவு அழுத்தாது, பொறுத்துக்கொள்ளும். புகையும் நாற்றமும் தனிக்கதை.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றியதால், நம்மவர்கள் இதைப் புத்தளத்து அகதிக் கொட்டில்களிலிருந்து கேள்விப்பட்டதோடு சரி.

மின்சாரமும் இல்லாத அந்த நாட்களில் அடுக்களைக்கும் பிள்ளை படிக்கும் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போவதென்றால் விளக்கைக் குறைத்துத்தான் காருக்கு ஊற்ற வேண்டும். போன இடத்தில் எஞ்சினை ஆறவிடவும் பயம். ஆறிவிட்டால் மறுபடி அந்தச் சிறு போத்தலைத் திறக்க வேண்டுமே!