தரை உயர்ந்தால் வளையமும் உயர வேண்டும்

நமது தோட்டங்களில் பலர் மலசலகூடத் தரையைத் திருத்தி டைல் பதிக்கிறார்கள். முழங்கால் வலியால் குந்த முடியாத வயதானவர்கள் இருக்கும் வீடுகளில், பழைய தட்டை எடுத்துவிட்டு கொமட் வைக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் கொமட்டும் குழாயும் சேரும் இடம் பிழைத்துப்போனால் செலவழித்த காசெல்லாம் வீண்.

அந்த இடத்தில் வருவதுதான் பிளேன்ஜ் என்ற வளையம். தரைக்குள் போகும் 110 மில்லிமீற்றர் குழாயின் வாயில் இதைப் பொருத்துவார்கள். கொமட்டை ஆடாமல் பிடிப்பதும், இடையில் வைக்கும் ரப்பரை அழுத்திக் கசிவை நிறுத்துவதும் இதன் வேலை.

பிழை எங்கே நடக்கிறது? பழைய தரையில் வளையத்தை வைத்துவிட்டு, பிறகு சாந்தும் டைலும் போடுகிறார்கள். தரை ஒரு அங்குலம் உயர்ந்தால் வளையம் ஒரு அங்குலப் பள்ளத்தில் போய்விடும். ரப்பர் கொமட்டின் அடியைச் சரியாகத் தொடாது. தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டைலுக்கு அடியில் ஊறும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நாற்றமும் வரும். கொமட்டின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் குழாய் நாற்றத்தைத் தடுக்கிறது. வளையமோ அந்தத் தண்ணீருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே இடைவெளி இருந்தால் தடுக்க எதுவுமில்லை.

நாம் இருப்பது மலைச்சரிவு. மேல் லயத்தில் ஊறியது கீழ் லயத்துப் பீலியில் கலக்கலாம். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாம் இப்படிப்பட்ட தண்ணீரால் பரவும்.

செய்ய வேண்டியவை:

1. கொமட்டை வாங்கு முன் அதன் வாய் தரைக்குப் போகிறதா, சுவருக்குப் போகிறதா என்று பாருங்கள். இங்கே சொல்வது தரைக்குப் போகும் வகைக்கு.

2. சுவரிலிருந்து குழாயின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். சுவருக்கும் டைல் பதிப்பதானால் அதன் கனத்தையும் கணக்கில் சேருங்கள்.

3. வேலை முடியும்வரை குழாயின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். சாந்து உள்ளே விழுந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் துணியை எடுக்க மறக்கவேண்டாம்.

4. முதலில் டைல், அது இறுகிய பிறகு வளையம். வளையம் டைலின் மேல் படிந்து இருக்க வேண்டும். துருப்பிடிக்காத ஆணியால் கீழே உள்ள கொங்கிறீட்டோடு இறுக்குங்கள்.

5. வளையம் ஏற்கெனவே பள்ளத்தில் இருந்தால், உயர்த்தும் வளையம் ஒன்றை மேலே வைத்துப் பொருத்துங்கள். "சீமெந்து பூசினா போதும்" என்று பாஸ் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். கொமட் அசையும்போது சீமெந்து வெடித்துவிடும்.

6. கொமட்டை வைத்ததும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடியில் ஆப்பு வைத்துச் சமப்படுத்துங்கள். இருபக்க ஆணிகளையும் மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் பீங்கான் வெடிக்கும்.

7. ஐந்தாறு வாளி தண்ணீர் ஊற்றி, அடியைச் சுற்றிக் காய்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். பிறகு ஓரத்தை அடைக்கும்போது பின்பக்கம் சிறு இடைவெளி விடுங்கள். பின்னால் கசிந்தாலும் அது கண்ணுக்குத் தெரிய வரும்.

கடதாசி நனையாமல் வந்த பிறகே பாஸுக்கு மீதிக் கூலியைக் கொடுங்கள்.