மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் உதவித் தொகையும் தற்சார்பும்: குடும்பங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாத தமிழர் இருக்க முடியாது. அங்கே 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் சிகிச்சையைத் தொடங்கினார். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கைகள் திறந்தன. ஆனால் குணமாகி வீடு திரும்பியவர்களில் சிலர், கொஞ்ச நாளிலேயே வாடிய முகத்துடன் திரும்பி வந்தார்கள். கோணல் கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்ட ஊர், நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. வேறு தொழிலும் அவர்களுக்குத் தெரியாது. கை நேரானது, பிழைப்பு போனது!

பிராண்ட் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அங்கேயே அமைத்து, சிகிச்சை பெற்றவர்களுக்கு மரப்பொம்மை செய்வது போன்ற தொழில்களைக் கற்பித்தார்கள். உணர்ச்சியற்ற விரல் காயப்படாமல் உளியைப் பிடிப்பது எப்படி என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று. சிகிச்சைக்குச் செலவழித்த பணம், இந்தப் படிப்புக்கும் செலவழித்த பிறகுதான் முழுப் பலனைத் தந்தது.

தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் எனக்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்ற நம்மவர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இந்த வேலூர்ச் செய்தி நினைவுக்கு வருகிறது. எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "நாங்க இருக்கிற வரைக்கும் பாத்துப்போம். அப்புறம்?" அதற்காகவே பலர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வங்கியில் வைப்புத் தொகை போடுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் அது மட்டும் போதுமா?

இரண்டு வகைப் பணம்

உதவித் தொகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்றைய பொழுதைக் கடத்துவது: மருந்து, உணவு, பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம். மற்றொன்று, நாளைக்குக் கையில் நிற்பது: பேச்சுப் பயிற்சி, பேருந்தில் தனியே போகப் பழக்குவது, தொழில் கற்பிப்பது, பணத்தை எண்ணக் கற்பிப்பது. 2013இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த தேசிய மாற்றுத்திறன் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்விரண்டும் தனித்தனித் தலைப்புகளாகவே வைக்கப்பட்டன. அன்றாட உதவிக்கு ஒன்று, திறன் வளர்ப்புக்கு ஒன்று, கருவிகளுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும் ஒன்று என்று.

நம் நாட்டில் அப்படி ஒரே திட்டமாக இல்லை. பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. ஆகவே பிரித்துப் பார்க்கும் வேலையைக் குடும்பமே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு கேள்வி போதும்: "இந்தப் பணம் தீர்ந்த பிறகு, பிள்ளையிடம் என்ன மிஞ்சும்?"

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

முதலில் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. இச்சட்டப்படி தரப்படும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். ஊர் விட்டு ஊர் மாறும் நம் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தனித்துவ அடையாள எண் கொண்ட அட்டையையும் கையோடு வாங்கிவிட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் திட்டங்களுக்கு அந்த எண் கட்டாயம். ஆனால் மாநில அரசுகள் தரும் மாத உதவித் தொகை அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பதைப் பொறுத்தது. மாற்றலாகும்போது அது கூடவே வராது.

மாத உதவித் தொகை முதல் வகையைச் சேர்ந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதக் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான தேசிய உதவித் தொகையில் மத்திய அரசின் பங்கு 2012இல்தான் 200 ரூபாயிலிருந்து 300 ரூபாய் ஆனது. இதை நம்பி யாரும் வாழ முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வகையில்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். 1981 முதல் நடந்துவரும் உபகரண உதவித் திட்டத்தில் மூன்று சக்கர வண்டியும் காது கேட்கும் கருவியும் மட்டுமல்ல, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான கற்பித்தல் கருவிப் பெட்டியும் உண்டு. 2015இல் தொடங்கிய திறன் மேம்பாட்டுக்கான தேசியச் செயல்திட்டத்தில் பயிற்சிக் கட்டணத்தை அரசே பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. 1997இல் நிறுவப்பட்ட மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகம் சுயதொழிலுக்குச் சலுகை வட்டியில் கடன் தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நேஷனல் டிரஸ்ட், 'நிராமயா' என்ற காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. மருத்துவமனைச் செலவோடு தொடர் சிகிச்சைப் பயிற்சிகளும் அதில் அடக்கம். "இன்ஷூரன்ஸ்னா ஆஸ்பத்திரிக்குத்தானே" என்று நினைத்துப் பேச்சுப் பயிற்சிக்கான ரசீதுகளைத் தூக்கிப் போட்டவர்கள் பலர்!

ஒரு பயம், ஒரு விதி

மத்திய அரசுப் பணியில் இருந்த நண்பர் ஒருவர். மகனுக்கு வயது இருபத்து நான்கு, அறிவுசார் குறைபாடு. தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாமே என்றேன். "வேண்டாம் சார். நாலு காசு சம்பாதிக்கிறான்னு தெரிஞ்சா, எங்களுக்கப்புறம் அவனுக்கு ஃபேமிலி பென்ஷன் கிடைக்காமப் போயிடும்" என்றார்.

இந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. குறைபாட்டின் காரணமாகப் பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது விதி. முன்பு மற்ற வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டினால் அது கிடைக்காது. ஆகவே பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் லாபம் என்று குடும்பங்கள் கணக்குப் போட்டன. நிமிர்ந்த கைக்குக் காசு விழாத அந்த வேலூர்க் கதைதான், வேறு உருவில்!

2021 பிப்ரவரியில் இந்த வரம்பு தளர்த்தப்பட்டது. மற்ற வருமானம், அந்தப் பிள்ளைக்கு உரிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அகவிலைப்படிக்கும் குறைவாக இருந்தால் போதும். அந்த விகிதம் பெற்றோரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் 18,000 ரூபாயும் அகவிலைப்படியும் வரம்பு. பயிற்சிக் கூடத்தில் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாய் இதைத் தொடுவதில்லை. நண்பரிடம் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு காரியங்களைப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்ப்பது ஒன்று. பதினெட்டு வயது முடிந்தபின் பெற்றோர் தாமாகவே சட்டப்படிப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மேற்சொன்ன நான்கு வகையினருக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை பெறுவது மற்றொன்று.

மதர் டெய்ரி பாடம்

சரி, திறன் என்பது எப்படி வளர்கிறது? அந்த நண்பரின் மகனுக்குச் சிறப்பு ஆசிரியை ஒருவர் முதலில் கற்பித்தது, எதிரே உள்ள மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் பால் வாங்குவது. அந்த வேலையைப் பதினொரு சிறு படிகளாக எழுதினார். தூக்கை எடுப்பது, கதவைச் சாத்துவது, தெருவைக் கடப்பது, வரிசையில் நிற்பது, பணம் கொடுத்து டோக்கன் வாங்குவது என்று. கடைசிப் படியிலிருந்து தொடங்கினார்: முதல் வாரம் எல்லாவற்றையும் ஆசிரியை செய்ய, தூக்கை அம்மாவிடம் கொடுப்பது மட்டும் அவன் வேலை. அடுத்த வாரம் கடைசி இரண்டு படிகள். இப்படிப் பின்னாலிருந்து சேர்த்தால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த மகிழ்ச்சி பிள்ளைக்குக் கிடைக்கிறது. மறுநாளும் செய்யத் தோன்றுகிறது.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் மீதிச் சில்லறை குறைந்ததை அவனே கேட்டு வாங்கி வந்தான். "யாரும் சொல்லித் தரலை சார், அவனாவே கேட்டிருக்கான்" என்று நண்பர் போனில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அந்த ஐந்து மாத ஆசிரியைச் சம்பளத்தை வங்கியில் போட்டிருந்தால் கொஞ்சம் வட்டி வந்திருக்கும். அவ்வளவுதான்.

எல்லோராலும் முடியுமா?

முடியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளையை வேலைக்கு அனுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அத்தகைய அதிக ஆதரவு தேவைப்படுவோர் விண்ணப்பிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு வழி செய்கிறது. அவர்களுக்கும் கற்பதற்கு உண்டு. படப் பலகையில் தண்ணீரையோ வலியையோ கண்ணால் காட்டத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு வேறொருவர் பராமரிப்பில் இருக்க நேர்ந்தாலும் தன் தேவையைச் சொல்லும். அம்மாவுக்கு மட்டுமே புரிந்த சைகை அம்மாவோடு போய்விடும். தற்சார்பு என்றால் தனியாக வாழ்வது என்று பொருளல்ல. தன் விருப்பத்தைத் தானே சொல்ல முடிவது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் எழுத்தறிவு பெறாதவர்கள். இந்தக் கணக்கில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வைப்புத் தொகைச் சான்றுகளை வைத்திருக்கும் கோப்பிலேயே ஒரு தாளையும் சேர்த்து வையுங்கள்: இந்த ஆண்டு பிள்ளை புதிதாக என்ன கற்றுக்கொண்டது என்று அதில் எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ, வங்கிக் கணக்கு எண்ணைப் போலவே அந்தத் தாளும் தேவைப்படும்.