மார்பகப் புற்றுநோயின் இடர்க் காரணிகள்

பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும் கூறுகள் அந்நோயின் இடர்க் காரணிகள் எனப்படும். வயது, குடும்ப வரலாறு, மரபணு மாற்றம் ஆகியவற்றுடன் மகப்பேறும் வாழ்க்கைமுறையும் சார்ந்த காரணிகளும் இவற்றுள் அடங்கும்.

வரலாறு

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, கிறித்தவப் பெண் துறவியரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிப்பிட்டார். 1926இல் இங்கிலாந்தின் ஜேனட் லேன்-கிளேப்பன், நோயுற்ற 500 பெண்களை நோயற்ற 500 பெண்களுடன் ஒப்பிட்டு, மகப்பேற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்.

இனப்பெருக்கக் காரணிகள்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்கள் மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன. இத்தூண்டல் நீடிக்கும் ஆண்டுகள் கூடுந்தோறும் இடரும் கூடும். எனவே பின்வருவன இடர்க் காரணிகளாகும்:

* 12 வயதுக்கு முன் பூப்படைதல்
* 55 வயதுக்குப் பின் மாதவிடாய் நிற்றல்
* குழந்தைப்பேறு இல்லாமை
* 30 வயதுக்குப் பின் முதல் குழந்தை பெறுதல்
* தாய்ப்பால் ஊட்டாமை

30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான பகுப்பாய்வின்படி, தாய்ப்பால் ஊட்டும் ஒவ்வொரு 12 மாதங்களுக்கும் இடர் 4.3 விழுக்காடும், ஒவ்வொரு மகப்பேற்றுக்கும் 7 விழுக்காடும் குறைகிறது.

வாழ்க்கைமுறைக் காரணிகள்

மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனின் முதன்மை ஊற்றாகிறது. ஆதலால் அவ்வயதில் உடற்பருமன் இடரைக் கூட்டுகிறது. மது அருந்துதல், உடலுழைப்பின்மை, மாதவிடாய் நின்றபின் இவ்விரு இயக்குநீர்களையும் சேர்த்து மருந்தாக நெடுநாள் உட்கொள்ளுதல் ஆகியனவும் இடர்க் காரணிகளே.

தமிழ்நாட்டில்

அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1982 முதல் சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. தொடக்கத்தில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்தது. இளவயது மகப்பேறும் பல மகப்பேறுகளும் முன்னதன் இடரைக் கூட்டுவன. பின்னதன் இடரைக் குறைப்பன. திருமண வயது உயர்ந்ததும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததும் இம்மாற்றத்தின் காரணங்களுள் சிலவாகக் கருதப்படுகின்றன.

இடரும் நோயும்

இடர்க் காரணி உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. மறுபுறம், இந்நோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெண்பால், வயது ஆகியவை தவிரக் குறிப்பிடத்தக்க வேறு இடர்க் காரணி இருப்பதில்லை என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. ஆகவே நோயுற்றவரின் வாழ்க்கைமுறையைப் பழிப்பது பொருந்தாது. பல குழந்தைகளைப் பெற்றுப் பாலூட்டியவருக்கும் இந்நோய் வரக்கூடும். வலியில்லாத கட்டியாயினும், காம்பு உள்ளிழுத்தல், குருதிக் கசிவு ஆகியவை தோன்றினாலும், காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுகுதல் வேண்டும்.