பரணிப் பேய்களும் படத்துப் பேய்களும்

பேய்க்கதைக்கு அஞ்சுவோர் பலர். அஞ்சிக் கதையின் இடையே எழுந்து போவோர் மிகச் சிலர். அஞ்சிக்கொண்டே கேட்பதும், கேட்டு முடித்தபின் சிரித்துக்கொள்வதும் மாந்தர்க்கு இயல்பு. இதன் காரணத்தை அறிய மேலைநாட்டு உளவியல் நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலே போதும். அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பார் தொல்காப்பியர். (இறை என்பதற்கு அரசன் என்பதே பொருள். 'தேர்வுக் கண்காணிப்பாளர்' எனப் புத்துரை காண விரும்பும் மாணவர்க்கு மதிப்பெண் இல்லை.) நகையோ எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினால் பிறப்பது. இலக்கண நூலில் இவ்விரண்டும் வேறு வேறு. இலக்கியத்திலோ, அச்சத்திற்குரிய அணங்கின்மேல் நகைக்குரிய பேதைமையை ஏற்றிவிட்டார் ஒரு புலவர். அவரே செயங்கொண்டார்.

முதற் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் படை நடத்திச் சென்று கலிங்கத்தை வென்றதைப் பாடுவது கலிங்கத்துப்பரணி. பரணி நூல்கள் தோற்றவர் பெயரால் வழங்குவதே ஒரு விந்தை. அதனினும் பெரிய விந்தை, போர்க்களச் செய்தியைச் சொல்லும் பொறுப்பைப் பேய்களிடம் ஒப்படைத்திருப்பது. பேய்களைப் பாடியது என்னும் பகுதியில் அவற்றின் உருவத்தைப் புலவர் தீட்டுகிறார். பனைமரம் போன்ற கைகால்கள். மலைக்குகை போன்ற வாய். ஒருநாளும் நிரம்பாத வயிறு. இப்படங்களைப் பார்த்து நடுங்கத் தொடங்கும் வேளையில், அப்பேய்கள் காளியின்முன் வரிசையாக நின்று பசிக்கொடுமையை முறையிடுகின்றன. பஞ்சகாலத்துக் குடிமக்கள் அதிகாரியிடம் மனுக் கொடுப்பது போன்றதொரு காட்சி! நம் அச்சம் அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது.

இந்திரசாலப் பகுதி இன்னும் சுவையானது. காளிக்கு அஞ்சி இமயத்திற்கு ஓடியிருந்த முதுபேய் ஒன்று, அங்குக் கற்ற மாயவித்தையைக் காட்டுகிறது. குருதி ஆறும் நிணமும் கண்முன் தோன்றுகின்றன. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. பிறரை ஏமாற்றிப் பழகிய பேய், மாயத்தால் தானே ஏமாந்து நிற்கிறது. இன்றைய நகைச்சுவைத் திரைப்படத்தில் பேய் வேடமிட்டவனைக் கண்டு உண்மைப் பேய் அலறும் காட்சிக்கு இதுவே பாட்டன் எனலாம்.

முடிவில் கூழ் அடும் காட்சி. யானைத் தந்தத்தால் பல் துலக்கி, குருதி ஆற்றில் நீராடிய பின்னரே சமையல் தொடங்குகிறது. பேய்க்கும் காலைக்கடன் உண்டு! முரசமே உரல், தந்தமே உலக்கை. பந்தியில் பார்ப்பனப் பேய் வடமொழியில் பிச்சை கேட்கிறது. கொல்லாமை நோன்புடைய சமணப் பேய்க்கு மயிர் கலவாதவாறு கூழை வடிகட்டி ஊற்ற வேண்டும். புத்தப் பேய் தோலைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது. ஊமைப் பேய் கையால் சைகை காட்டிக் கேட்கிறது. பிணக்குவியலின் நடுவே ஊர்த் திருமணப் பந்தியை அப்படியே இறக்கிவைத்தவர் செயங்கொண்டார். கோரமும் குறும்பும் இத்துணை நெருங்கி அமர்ந்த இடம் தமிழில் வேறில்லை என்பது என் கருத்து. ஒன்று மட்டும் நெருடுகிறது. அந்தப் பிணங்கள் கலிங்க நாட்டு மக்களுடையவை. பேய்கள் சிரிப்பு மூட்டுவதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். புலவர் விரும்பியதும் அதுவாகவே இருக்கலாம்.

அடுத்து, நீலி. வஞ்சிக்கப்பட்டு இறந்து, பேயாகி வந்து பழிவாங்கியவள் பழையனூர் நீலி. அவள் பொய்யாய் அழுத அழுகையே 'நீலிக் கண்ணீர்' என்னும் மரபுத்தொடரை நமக்குத் தந்தது. இப்பேய்க்குச் சமணர் அளித்த வாழ்வுதான் வியப்பானது. நீலகேசி என்னும் காப்பியத்தில் இவள் ஒரு முனிவரை அச்சுறுத்த வந்து, அவரிடமே அறம் கேட்டுத் திருந்தி, பின்னர்ப் பிற சமயத்தாரோடு தருக்கம் செய்யும் அறிஞராகிறாள். பேயொன்று வாதம் புரிந்து வெல்வதைப் பாடிய இலக்கியம் வேறு எங்கேனும் இருப்பின் அறிந்தோர் கூறுக.

இனி, நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். இறந்தோர் பேயாய் அலைவர் என்னும் கருத்துக்கு இசுலாத்தில் இடமில்லை. ஜின் என்பது வேறு. நெருப்பினால் படைக்கப்பட்ட இனம் அது. ஜின்களுள் ஒரு கூட்டத்தார் திருமறை ஓதக் கேட்டு ஈமான் கொண்டதைக் குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் கூறுகிறது. உமறுப்புலவரும் சீறாவில் இதனைப் பாடியுள்ளார். இத்தகைய ஜின், அலாவுதீன் விளக்கின் வழியே தமிழ்நாட்டுக்கு வந்தபோது 'பூதம்' ஆகிவிட்டது. 1957இல் வெளிவந்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்', 1967இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' ஆகிய படங்களைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். புகார் நகரத்து நாற்சந்தியில் பொய்யரைப் பாசத்தால் கட்டி விழுங்கிய சிலப்பதிகாரச் சதுக்கப்பூதத்தின் பெயரைப் பெற்று, ஏவல் செய்யும் வேலைக்காரனாக அது மாறியது பெரிய பதவியிறக்கம்தான்! அலாவுதீன் கதையே ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லாதது. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் சொல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் காலந்து தம் நூலில் சேர்த்துக்கொண்டது. பாலைவனத்தில் வழிப்போக்கரை மயக்கும் 'கூல்' என்றொரு பேயும் அரபுக் கதைகளில் உண்டு. மேலைநாட்டார் அதையே பிணந்தின்னியாக்கினர். அரபு 'கூல்', தமிழ்க் 'கூளி', பேய் குடித்த 'கூழ்' ஆகியவற்றின் ஒலியொப்புமை கண்டு எவரும் ஆய்வேட்டுக்குப் பதிவு செய்ய வேண்டா.

இன்றைய திரைப்படம் பரணியின் வழியிலேயே செல்கிறது. 2011இல் வந்த 'காஞ்சனா' போன்ற படங்களில் நடுக்கமும் சிரிப்பும் மாறி மாறி வருகின்றன. 2005இல் வந்த 'சந்திரமுகி' மட்டும் சற்றே வேறுபட்டது. 1993ஆம் ஆண்டின் மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்' கதையைத் தழுவிய அப்படத்தில், பேய் என்று எல்லாரும் அஞ்சியது ஒரு பெண்ணின் மனநோய் என்று மருத்துவர் கண்டறிகிறார். மந்திரவாதியும் உடனிருக்கிறார் என்பது வணிகத்தின் தேவை. ஆயினும் 'இது நோய்' என்னும் சொல்லைக் கொட்டகைதோறும் ஒலிக்கச் செய்ததற்காக அப்படத்தை நான் மதிக்கிறேன்.

அச்சொல் நமக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் கருகினர். இறந்தோர் 28 பேர். அவர்களுள் பலரைக் குடும்பத்தார் அங்குக் கொண்டுவந்தது பேய் பிடித்தது, ஜின் பிடித்தது, செய்வினை என்னும் நம்பிக்கையினால்தான். இவ்விடத்தில் பேய்க்கதை கதையாக இல்லை. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று தடை செய்துள்ளது.

குஜராத் மாநிலத்து மீரா தாதார் தர்காவில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். துஆக் கேட்க வருவோரைத் தடுக்காமல், அருகிலேயே மனநல மருத்துவரையும் அமர்த்தினர். தர்காவின் பணியாளர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பிவைத்தனர். 'தவா' என்றால் மருந்து. 'துவா' என்றால் இறைஞ்சுதல். இரண்டையும் சேர்த்தே இத்திட்டத்திற்குப் பெயரிட்டனர். ஏர்வாடியிலும் பின்னர் இம்முறை நடைமுறைக்கு வந்தது.